புதுவயல், இரண்டாம் உலர்த்தி

உடையப்பன் ஆலையில் உலர்த்திகள் இரண்டு.
ஒன்றில் சிக்கந்தரின் லினக்ஸ்.
மற்றதில் நான் ஏற்றிய மைக்ரோகர்னல்.
ஒரே நெல், ஒரே கொதிகலன், ஒரே ஆவி.
சீசன் முடிவதற்குள் தெரிந்துவிடும் என்று
புரோட்டாக் கடையில் பந்தயம்.

சிக்கந்தர் சொல்வான்:
எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கட்டும்.
சென்சாருக்கு வால்வு கையெட்டும் தூரம்.
கூப்பிட்டால் போதும், கடிதம் எதற்கு?
உன் கர்னலில் ஓர் எண்ணைச் சொல்ல
நாலு வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

நெல் காய எட்டு மணி நேரம்,
உனக்கு மைக்ரோ வினாடியில் என்ன அவசரம் என்றேன்.
பிறகு எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்:
கல்யாணமான மறு வருடமே
வேறு வைத்துவிடுவார்கள்.
வளவு ஒன்று. அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி.
ஒருத்தியின் குழம்பு தீய்ந்தால்
அடுத்தவள் உலை அது பாட்டுக்குக் கொதிக்கும்.
கர்னல் என்பது அந்த வளவு மட்டும்தான்.
வெளிச்சம் தரும், வழி விடும். சமைக்காது.

"வளவிலேயே தீப்பிடித்தால்?"
"பத்தாயிரம் வரி. ஒரு மாதத்தில் படித்து முடிக்கலாம்.
உன் கூரையில் எத்தனை கோடி ஓடு,
எண்ணியதுண்டா?"
"எண்ணவில்லை. ஆனால்
லட்சம் பேர் மிதித்துப் பார்த்த தரை"
என்று சால்னா ஊற்றிக்கொண்டான்.

உடையப்பனுக்கு இதெல்லாம் காதில் ஏறாது.
கர்னல் என்றால் அவருக்கு அரிசி மணி,
ஏற்றுமதித் தாளில் அப்படித்தான் போட்டிருக்கும்.
முழுசு எவ்வளவு, நொய் எவ்வளவு.

ஐப்பசி. இரவு இரண்டு நாற்பது.
சாக்கோட்டைப் பக்கம் இறங்கிய இடி
கம்பி வழியே வந்து
இரண்டு ஈரப்பத சென்சார்களையும் உளற வைத்தது.

முதல் உலர்த்தி அலறி விழுந்தது.
திரை நிறையப் புரியாத எண்கள்.
வாட்ச்டாக் கடித்து எழுப்பியது.
பத்தொன்பது வினாடி. அதற்குள்
வால்வு தானே மூடி, தானே திறந்தது.

இரண்டாவது விழவேயில்லை.
சென்சார் நிரல் செத்தது, எழுந்தது, செத்தது,
நாற்பத்தொரு முறை.
கர்னலுக்கு ஒரு கீறல் கிடையாது.
வால்வு நிரல் மட்டும் கேள்வியை அனுப்பிவிட்டு
பதில் வருமென்று உட்கார்ந்திருந்தது
ஆவியைத் திறந்துவைத்தபடி
விடியும் வரை.

காலக்கெடு வைக்க மறந்தது நான்.
மஸ்கட்டிலிருந்து வராத பதிலுக்கு
ஆறு வருடம் காத்திருந்தவள் எழுதிய நிரல்,
வேறெப்படி இருக்கும்.

உடையப்பன் உள்ளங்கையில் அரிசியைப் பரப்பினார்.
"நொய் முப்பத்தொண்ணு."
வேறெதுவும் சொல்லவில்லை.
சிக்கந்தரும் சொல்லவில்லை, அதுதான் எரிந்தது.

பதினோராம் நாள்
முதல் உலர்த்தியின் மூட்டைகளில் பூஞ்சணம்.
அன்றிரவு விழுவதற்கு முன் அந்த டிரைவர்
தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்திருக்கிறது.
அளவுத் திருத்தப் பட்டியலில் ஒரே ஓர் எண்.
பதினேழைப் பதினாலு என்று காட்டிக்கொண்டு
சாதுவாக ஓடியிருக்கிறது.
ஒரே கூரை. யார் தொட்டது என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அவன் அந்த எண்ணையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் டீ வாங்கி வந்தேன்.

இருவர் பில்லிலும் பிடித்தம்.
"ரெண்டுல எது நல்லது?"
ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.
அவர் கையமர்த்திவிட்டு
லாரிக்குத் தார்ப்பாய் போடச் சொல்லப் போனார்.

அன்றிரவு ஒரு வரி சேர்த்தேன்:
நானூறு மில்லி வினாடிக்குள் பதில் இல்லையேல்
மூடு.
சிக்கந்தர் என் தோள் வழியே படித்தான்.
"நானூறு ஜாஸ்தி" என்றான்.