தட்டு

கானாடுகாத்தான் தாண்டி, முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில்
பஸ் என்னை இறக்கிவிடும்.
மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணை, ஏழாவது அறை.
வைகாசியில் சேர்ந்தேன், பதினொரு மாத ஒப்பந்தம்.
நாற்பது வருஷத்து வயல் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி
தேடினால் கிடைக்கும்படி வைக்கவேண்டும்.

'தேடினால் கிடைக்கும்படி' என்று ஆணையில் இருக்கிறது.
யார் தேடினால் என்று இல்லை.

முதல் பீரோவில் வென்ற சோதனைகள்:
அச்சிட்டு, படம் போட்டு, கெட்டி அட்டை கட்டி.
அடுத்ததில் முளைக்காத வரகு,
மழை ஏமாற்றிய வருஷம், மயில் கொத்திப்போன நிலக்கடலை.
'குறிப்பு' என்ற ஒடுங்கிய கட்டத்துக்குள்
யார் யாரோ பென்சிலால் ஒண்டி எழுதியவை.

"அதெல்லாம் கடைசியாப் பாத்துக்கலாம்மா.
பலனில்லைன்னு முடிஞ்சதை யார் கேக்கப் போறா?"
என்றார் கண்காணிப்பாளர் சேவுகமூர்த்தி.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிட்டாள் வந்தார்.
நேமத்தான்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் புஞ்சை.
கையில் பெயின்ட் வாளி.
வாளியிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தது
மண்தான், ஆனால் சுண்டினால் ஓடு மாதிரி சத்தம் வந்தது.

"தட்டு கட்டிப்போச்சு ஆத்தா.
ஒரு முழம் தோண்டுனா கடப்பாரை எகிறுது.
நீங்க சொன்ன உளிக்கலப்பையத்தான் போட்டேன்,
மணிக்கு ஆயிரத்தி நானூறு, மூணு மணி நேரம்.
ஒரு மழைக்கு நல்லாருந்துச்சு. இப்பப் பாரு."

'தட்டு' என்று அடித்தேன்.
பதிவுகள் எதுவும் இல்லை.
'தட்டு கட்டுதல்.' இல்லை.
'தட்டுப்பாடு' என்பதையா தேடுகிறீர்கள் என்றது கணினி.
சிட்டாளிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகுதான் உறைத்தது, எங்கள் பாஷையில் அது 'கீழ்மண் இறுக்கம்'.
முப்பத்தெட்டுப் பதிவுகள், அத்தனையும் முதல் பீரோ.
உளிக்கலப்பை நல்லது. உளிக்கலப்பை மிக நல்லது.
மகசூல் கூடியது.
எந்த ஈரத்தில் உழுதார்கள் என்று ஒன்றிலும் இல்லை.

இரண்டாவது பீரோவின் கதவு முனகித் திறந்தது.
பல்லி முட்டை, பூச்சி மருந்துச் சீட்டு, பதிவேடு 2003,
அறுபத்தோராம் பக்கம், பென்சில்:
'மழைக்கு மறுநாள் ஈரத்தில் உழுதது.
சில வாரத்தில் முன்னைவிட இறுகிவிட்டது.
சித்திரையில், காய்ந்த மண்ணில் உழுத பாத்திகளில் இப்படி இல்லை.
பலனில்லை. பெ.அ.'

வாசித்துக் காட்டினேன்.
காலி வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.
"ஈரத்துலதான் உழுதேன். வண்டிக்கு லேசுன்னான்.
இது எப்ப எழுதுனது?"
"இருபது வருஷம் இருக்கும்."
"இங்கயேவா இருந்துச்சு?"

என் நாற்காலியிலிருந்து எட்டடி.
அவர் வயலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.
எதைச் சொல்வது?

அன்று மாலை 'கீழ்மண் இறுக்கம்' பக்கத்தில்
'தட்டு' என்று சேர்த்தேன்.
'அனுமதிக்கப்பட்ட சொற்பட்டியலில் இல்லை' என்று சிவப்பாக வந்தது.
கடவுச்சொல் சேவுகமூர்த்தியின் திரைக்கடியில்
ஒட்டுச்சீட்டில் இருக்கும், எல்லாருக்கும் தெரியும்.
பட்டியலையே திறந்து உள்ளே வைத்தேன்.
'மயிர்ப்புழு'வையும் வைத்தேன், கை வந்த வேகத்தில்.

'முடிவு' என்ற இடத்தில் இரண்டே தெரிவுகள்:
பலன் உண்டு, பலன் இல்லை.
பெ.அ. எழுதியது இரண்டிலும் சேராது.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன்.

இப்போது தினமும் இரண்டாவது பீரோதான்.
1996 இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஊசி,
கொஞ்சம் புற்றுமண்.
கறையானுக்கு எந்தச் சோதனையானாலும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.
பிறகு பார்த்தால்
முதல் பீரோ இரும்பு. இது மரம்.

சிட்டாள் விட்டுப்போன மண் பலகை
2003ன் மேல் கிடக்கிறது, காற்றாடிக்குப் பக்கங்கள் பறக்காமல்.
அவர் மறுபடி உழவேண்டியது சித்திரையில்.
என் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது.