ஆறாவது ஆள்

எங்கள் ஃப்ரீசருக்கு மூன்று இழுப்பறை.
நாங்கள் ஐந்து பேர்.
கணக்கில் வராத ஆறாவது ஆள்
பின்சுவரோடு ஒட்டியிருக்கும் உறைபனி;
வாடகை தருவதில்லை,
மாதம் ஒரு விரற்கடை இடம் பிடிக்கிறான்.

லீசி சூப்பைப் பையில் ஊற்றித்
தட்டையாக உறையவைத்து
ஆபீஸ் கோப்புபோல நிமிர்த்தி அடுக்குகிறாள்.
காரெல் பீட்சாவின் அட்டைப்பெட்டியைக் கிழித்துப்போட்டு
வீட்டுக்கே நன்மை செய்தவன்போல் நிற்கிறான்.
உர்வேக்குக் காளான்.
நான் பட்டாணிப் பையின் காற்றைப் பிதுக்கி
ரப்பர் பேண்ட் போடுகிறேன், இரண்டு சுற்று.

அக்டோபரில் ப்ரீடிக் வந்து இறக்கினான்,
மாமா சுட்ட எல்க் மான், பதினோரு கிலோ.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தார்த்துவில் அதற்குப் பெயர்தான் சண்டை.
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடலாமென்றால்
இன்னும் மழைதான், பனி வரவில்லை.

சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கினோம்.
உள்ளே வெந்நீர்ச் சட்டி, கையில் மரக்கரண்டி.
ஆறாவது ஆள் துண்டு துண்டாக விழுந்து
குளியலறைத் துண்டுகளையெல்லாம் நனைத்தான்.
அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு டப்பா.
ராஸ்பெர்ரி.
மூடியில் நீலப் பேனா:
ஹெல்வி, 2009, தொடாதீர்கள்.

ஹெல்வி யாரென்று
வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

உர்வே ஒன்றை வாயில் போட்டாள்.
கண்ணை மூடினாள். காத்திருந்தோம்.
"புளிப்பு" என்றாள்,
இன்னொன்றை எடுத்தபடி.

மானுக்கு இடம் கிடைத்துவிட்டது.
மூடியை மட்டும் எழுத்து அழியாமல் துடைத்து
என் பட்டாணிமேல் வைத்திருக்கிறேன்.
ஐந்து வாரம் ஆயிற்று.
ஒருவரும் தொடவில்லை.