ஏழு நிமிடம்

ஸ்ப்ரெம்பெர்க்கில் ரயிலேறும்போதே
இனெஸ் சத்தியம் செய்தாள்:
"இன்றைக்கு உள்துணி மட்டும்தான், ஒன்றரை மீட்டர்."
நானும் செய்தேன்.
கோட்புஸில் என் கட்டிலடியில்
கத்தரி படாத பதினோரு துண்டுகள்
இதைக் கேட்டிருந்தால் சிரித்திருக்கும்.

துணி வாங்குவது ஒரு வேலை.
தைப்பது வேறு வேலை.
இரண்டையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டுமென்று
யார் சொன்னது?

கோர்லிட்ஸ்.
குண்டுக்குத் தப்பிய தெருக்கள்,
சன்னலுக்குச் சன்னல் கல் சித்திரம்.
ஒரு வீட்டின் முகப்பில் ஆதாமும் ஏவாளும்.
இனெஸ் அண்ணாந்து பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்:
"ஆளுக்கு இரண்டு மீட்டர் போதும்.
மெலிந்த உடம்பு."

சதுக்கத்தில் ஒரு கல் வளைவு.
இந்த முனையில் கிசுகிசுத்தால்
அந்த முனையில் கேட்கிறது.
முன்னால் நின்ற இளம் ஜோடி
எதையோ சொல்லிக் கேட்டுச் சிவந்து நகர்ந்தது.
என் முறை. காதை வைத்தேன்.
கல்லின் குளிர் பல்வரைக்கும் போயிற்று.
அதன் வழியே
வளைந்து ஏறி இறங்கி வந்தது இனெஸின் குரல்:
"ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள்."

ஆனாலும் நின்றோம்.
கோபுரத்தடியில் சிவப்புத் தொப்பி வழிகாட்டி
ஓசியில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.
ஐந்நூறு வருஷத்துக்கு முன்
இவ்வூர்த் துணி நெசவாளர்கள்
நகரசபைக்கு எதிராக ரகசியமாய்க் கூடினார்களாம்.
நள்ளிரவு மணி அடித்ததும் கலைவதாக ஏற்பாடு.
யாரோ மணியை ஏழு நிமிடம் முந்தி அடிக்கவிட்டார்கள்.
வெளியே வந்தவர்கள்
நேராகக் காவலர் கையில்.
"அன்றிலிருந்து இந்த மணி
ஏழு நிமிடம் முந்தித்தான்" என்றபோது
மேலே மணி அடித்தது.
ஓடினோம்.

பின் சந்தில், கண்ணாடிக்கு அப்பால்
சாவியோடு நின்றார் கடைக்காரர் ஷ்டோய்டெ.
என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்:
பன்னிரண்டு ஐம்பத்தைந்து.
அவர் விரல் நிதானமாக
கோபுரத்தைக் காட்டியது.
அவருக்குப் பின்னால் தெரிந்தன
சுருள் சுருளாக உள்துணிகள்,
எங்களுக்கு வேண்டிய அத்தனை நிறத்திலும்.

பசித்தது.
ஆற்றுக்குக் குறுக்கே நடைபாலம்.
பாதியில் கைப்பேசி அதிர்ந்து
போலந்துக்கு வரவேற்றது.
சிகரெட் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே
ஆள் ஒருக்களித்து நுழையும் கதவு.
உள்ளே கிராஷினா.
முன்கையில் குண்டூசிகள்,
முகத்தில் அவசரம் துளியும் இல்லை.
அவளுக்கு ஜெர்மன் வராது.
எங்களுக்குப் போலிஷ் வராது.
ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
துணியைத் தேய்த்துப் பார்க்கும்போது
எல்லோரும் ஒரே முகம்தான் வைத்துக்கொள்கிறோம்.

அடியிலிருந்து உருவினாள்.
கம்பளி.
மழை நின்ற ஓட்டின்மேல் பாசி போல ஒரு பச்சை.
மீதம் இரண்டு மீட்டர் எண்பது.
ஒரு கோட்டுக்குச் சரியாக இருக்கும்.
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.
இருவர் கையும்
துணியின் மேலேயே இருந்தது.

கிராஷினா கத்தரியை எடுத்தாள்.
என்னைப் பார்த்தாள். இனெஸைப் பார்த்தாள்.
கத்தரியைத் திரும்ப வைத்தாள்.
ஒரே ஒரு சொல் சொன்னாள்,
இன்னும் அர்த்தம் தெரியாது.
கால்குலேட்டரில் விலையைத் தட்டி
எங்கள் நடுவில் வைத்தாள்.
பாதிப் பாதி கொடுத்தோம்.
ஆறு பொத்தான்களை
காகிதத்தில் சுற்றிச் சும்மா தந்தாள்.
உள்துணி
இருவருக்கும் ஞாபகமே இல்லை.

திரும்பும் ரயிலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
நான்கு முழங்கால்களுக்கும் போதுமானதாக இருந்தது பச்சை.
டிக்கெட் கேட்டவரிடம்
அடியிலிருந்து இரண்டு கைகள் நீண்டன.
வைஸ்வாஸர் தாண்டி இருட்டு.
"ஏப்ரல் வரைக்கும் உன்னிடம் இருக்கட்டும்,
அப்புறம் பேசலாம்" என்று
பொத்தான்களோடு இறங்கிப் போனாள் இனெஸ்.

சனிக்கிழமை.
வெட்டுமுன் நனைக்க வேண்டுமே என்று நனைத்தேன்.
வெதுவெதுப்பு என்றுதான் நினைத்தேன்.
மூன்று தடவை அளந்துவிட்டேன்:
இரண்டு மீட்டர் ஒன்பது.
இனி அது அவள் கோட்டும் இல்லை,
என் கோட்டும் இல்லை.

தொலைபேசி அடிக்கிறது.
"நம் துணி எப்படி இருக்கிறது?"
"காய்கிறது" என்றேன்.