இருவரும் ஒருவரே

சித்தப்பாவுக்கு இரண்டு பெயர்கள் இருந்திருக்கின்றன.
மாநகராட்சி தந்த இறப்புச் சான்றிதழில் தெய்வநாயகம்.
பேப்பர் மில்ஸ் சாலை வங்கியில் தெய்வ நாயகம்.
நடுவில் ஒரு வெற்றிடம்,
ஓர் எழுத்து நுழையலாம், அவ்வளவுதான்.
அதற்காக ஐந்து அரைநாள் விடுப்பு எடுத்தேன்.

பாரிமுனையில், ஒழுகும் தார்ப்பாய்க்கு அடியில்
டைப் அடிக்கும் பெண்
என் முகத்தைப் பார்க்காமலே அடித்தாள்:
மேற்படி இருவரும் ஒருவரே என
இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அத்வைதம்.
நோட்டரி அதன்மேல் முத்திரை குத்திவிட்டு
மீதி வடையைச் சாப்பிடப் போனார்.

உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர்.
ஒருவர் சித்தப்பாவை முந்திக்கொண்டார்.
மற்றவர் கமாலுதீன், கேரேஜ் வொர்க்ஸில் கூட இருந்தவர்,
திருநின்றவூரில் மகள் வீட்டில்,
புரை எடுத்த கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு.
காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்
"என் கையெழுத்துதாம்மா. அவன் போட்டதையும் பாத்தேன்.
உள்ள என்னன்னு அவன் சொல்லல, நான் கேக்கல" என்றவர்
கொஞ்சம் கழித்துக் கேட்டார்:
"யாருக்கு எழுதியிருக்கான்?"
எனக்கு என்றேன்.
ஓ, என்றார்.
வாக்குமூலத்தில் எல்லாம் ஏறியது, அந்த ஓ தவிர.

கோமளா அத்தை
ஆட்சேபணை இல்லை என்று ஒப்பமிட்டாள்.
ஒப்பமிட்ட பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
என் பேனா.

"வாரிசு வரியெல்லாம் நம்ம நாட்டுல கிடையாது மேடம்"
அயனாவரம் ஆடிட்டர் சொன்ன விதத்தில்
அது அவரே பார்த்துத் தள்ளுபடி செய்தது போலிருந்தது.
"ஆனா இறந்தவர் அவரோட வரியக் கட்டணும்."
ஏப்ரல் ஒன்று முதல் ஆகஸ்ட் ஒன்பது வரை
பென்ஷன், வட்டி, எல்லாம் அவர் கணக்கு.
பத்தாம் தேதியிலிருந்து விழும் வட்டி என்னுடையது.
ஒன்பதாம் தேதி இரவு பதினொன்றரைக்கு அடங்கினார்.
மிச்ச அரைமணி யாருடையது?
கணக்கு டீச்சர்தான் நான்,
ஆனாலும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஓடிபி அவர் எண்ணுக்கே வந்தது.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
செத்தவர் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன்.
ஆறிலக்கம் ஆறிலக்கமாக
அவர் எனக்கு அனுமதி தந்துகொண்டிருந்தார்.

வியாழன்தோறும் மாலை ஆறு நாற்பதுக்கு
அதில் ஒரு அழைப்பு வரும்.
பெயரில்லை, எண் மட்டும்.
நாலு மணி அடித்து நின்றுவிடும்.
மூன்றாவது வியாழன் எடுத்து, பேசாமல் இருந்தேன்.
பின்னால் மின்சார ரயில் அறிவிப்பு,
கடற்கரை செல்லும் வண்டி ஏதோ ஒரு நடைமேடையில்.
"மாத்திர போட்டாச்சா?"
வயதான பெண் குரல்.
"நான் அவர் அண்ணன் பொண்ணு" என்றேன்.
அடுத்து சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.
"சரிம்மா" என்றது குரல்.
அறிவிப்பு பாதியில் அறுந்தது.

மனுவின் நான்காம் பத்தியில் என் கையெழுத்து இருக்கிறது.
மனைவி: இல்லை. மக்கள்: இல்லை.
வேறு உரிமையாளர் எவரும்
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இல்லை.
பத்திலக்க எண் ஒன்று மீந்திருக்கிறது.
சொத்துப் பட்டியலில் சேராது.
கடன் பட்டியலில் சேர்க்கலாமா என்று
வக்கீலிடம் கேட்க வாய் வரவில்லை.

பங்குனியில் புரொபேட் வந்தது, சிவப்பு முத்திரையோடு.
வங்கிக் கணக்கை மூடியாயிற்று.
வீட்டு வரி ரசீதில் என் பெயர், எழுத்துப் பிழையோடு.
இனி எந்த ஓடிபியும் வர வேண்டியதில்லை.
"அதே பிளானாக்கா?" என்றான் கடைப் பையன்.
அதே.

இன்று வியாழன்.
ஆறு முப்பத்தெட்டு.
சத்தம் போடுகிறதென்று
குக்கரை அணைத்துவிட்டு நிற்கிறேன்.