தேதி போடாத செய்தி

அவசரம். ஓ நெகட்டிவ். இன்றே வேண்டும்.
தாயும் சேயும் உயிருக்குப் போராடுகிறார்கள்.
ஒரூரோ பொது மருத்துவமனை, மூன்றாம் மாடி.
தயவுசெய்து பகிரவும்.
கீழே என் எண்.

எவுசேபியோவின் போனில் அன்று சார்ஜ் இல்லை,
அதனால்தான் என் எண்.
மாடிப்படியில் உட்கார்ந்து
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒற்றை விரலால் தட்டி அனுப்பியிருக்கிறார்.
வெள்ளீயச் சுரங்கத்தில் எடைச்சீட்டு எழுதுகிறவர்,
நாளெல்லாம் தேதி போடுகிற மனுஷன்,
அன்றைக்குப் போடவில்லை.

நான்கு வருஷம் ஆகிறது.

முதலில் லா பாஸிலிருந்து கூப்பிட்டார்கள்.
பிறகு பொதோசி, தாரிஹா,
எல்லைக்கு அப்பால் அரிகாவிலிருந்து ஒரு மீன்லாரிக்காரன்:
"எனக்கு ஓ பாசிட்டிவ்தான் அம்மா, பரவாயில்லையா?"
பரவாயில்லை தம்பி என்றேன்.
எது பரவாயில்லை என்று எனக்கே தெரியாது.

எங்கள் மேட்டுநிலத்தில்
நெகட்டிவ் ரத்தம் அத்திப்பூ.
அந்தப் பூ அன்றிரவே வந்தது,
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹெர்மோஹெனெஸ்,
செருப்புக் காலோடு, உறைபனியில்.
செய்தி பார்த்து வந்தேன் என்றாராம்.
ஆகவே அந்தச் செய்தியைத் திட்ட எனக்கு வாயில்லை.

போகிற வழியெல்லாம் அது சதை போட்டது.
யாரோ எனக்குப் புற்றுநோயைச் சேர்த்தார்கள்.
யாரோ அடியில்
எலுமிச்சையும் சமையல் சோடாவும் குடிக்கச் சொன்னார்கள்.
கொச்சபம்பாவில் எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள்.

சந்தை முனையில் ஊதாச்சோளக் கூழ் விற்கிறேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
கிண்ணத்தை வழித்துக் குடித்த ஒரு அம்மாள்
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"பாவம், சின்னப் பெண். நீங்களும் அனுப்பிவிடுங்கள்."
குழாய் செருகிய நான்,
கலைந்த இரட்டைப் பின்னலோடு.
எதிரே
ஆவிக்குத் தலையில் துணி கட்டிய நான்.
அனுப்புகிறேன் என்றேன், மீதிச் சில்லறை கொடுத்தேன்.
எனக்காகச் சிலுவை போட்டபடி போனாள்.

ரத்தவங்கியின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் லிஸெத்
இரண்டு முறை வந்துவிட்டாள்.
"உங்களைத் தேடி ஒருவர் வீணாக அலைந்தால்
அன்றைக்கு இன்னொருத்திக்கு அவர் கிடைக்கமாட்டார், அக்கா."
'இது பழைய செய்தி, பகிர வேண்டாம்'
அவளே எழுதித் தந்தாள்.
நான் அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அவள் சொல்வது சரி.
ஆனால் தாயும் சேயும் என்று இருக்கிறதே அதில்.
அன்று விடிவதற்குள்
அந்தச் 'சேயும்' பொய்யாகிவிட்டது.
செய்தி போய்ச் சேரும் ஊரில்தான்
இன்னும் விடியவில்லை.
அங்கே யாரோ
என் மகனுக்காகப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள்.
அவர்களை எப்படி நிறுத்துவேன்?

நேற்று உயுனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
பின்னால் காற்று இரைந்தது, உப்புவெளிக் காற்று.
"பதினாலு வயதில் பார்த்தேன் அக்கா.
எனக்கும் ஓ நெகட்டிவ்.
பதினெட்டு ஆனால்தான் எடுப்போம் என்றார்கள்.
இன்றைக்கு ஆகிவிட்டது.
இன்னும் வேண்டுமா?"

நான்கு வருஷமாக
ஒருத்தி எனக்காக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

வேண்டும் என்றேன்.
எனக்கில்லை, ஆனால் வேண்டும்.
லிஸெத்தின் எண்ணைச் சொன்னேன், இரண்டு முறை,
அவள் திருப்பிச் சொல்லும்வரை.
பெயர் கேட்க மறந்துபோனேன்.

பிறகு அடுப்படியில் நின்றபடியே
அந்தப் 'பகிர வேண்டாம்' செய்தியைத் திறந்தேன்.
நடந்த நாளையும் குறிப்பிடுங்கள் என்று
ஒரு இடம் விட்டிருந்தாள்.
விரல் அங்கே நின்றது.
அவனுக்கென்று எங்களிடம் இருப்பது
அந்த ஒரே தேதி.

போட்டேன்.

கூழ் அடிப்பிடித்துவிட்டது.