எத்தனை நிமிடம்

பஹாஹீலில், பரோட்டாக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் கிளினிக்.
டாக்டர் எகிப்துக்காரர்.
அவர் ஆங்கிலத்தில் கேட்பதை
நான் தமிழில் கேட்க வேண்டும்,
வெள்ளிக்கிழமைதோறும் எட்டு மணி நேரம்.

வருகிறவர்கள் எல்லாரிடமும்
ஒரே சொல்தான் இருக்கிறது: மூட்டுவலி.
கொஞ்சம் விவரமானவர்கள் வாதம் என்பார்கள்.
வாதம்தான்.
எலும்பும் எலும்பும் பேசித் தீராததைப்
பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன்.

பளிங்குக்கல் பதிக்கும் சவேரியானுக்கு
முழங்கால் மட்டும்.
எத்தனையோ வில்லாக்களை மண்டியிட்டே கடந்தவர்.
எழுந்ததும் பத்து நிமிடம் கரகரக்கும்,
இளகும்,
வேலை முடிகிற நேரம் மறுபடி பிடிக்கும்.
தேய்மானம், என்றேன்.
"செருப்பாம்மா நான்?"
சிரித்தபடி கைப்பிடியைத் தேடி எழுந்தார்.

சமையற்காரர் நூர்தீன்
ஒரு காலில்தான் செருப்பு போட்டிருந்தார்.
மறுகாலின் பெருவிரல் சுட்ட கத்தரிக்காய்.
நடுராத்திரியில் போர்வை உரசி அலறினாராம்.
யூரிக் அமிலம். மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் படிகம்.
முதலாளி வீட்டில் மிஞ்சும் ஆட்டு ஈரலை
நிறுத்தச் சொன்னார் டாக்டர்.
நிறுத்தச் சொன்னேன்.
வேறு என்ன சாப்பிடுவார் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஒரு டிரைவர் பையன் உட்காரவே இல்லை.
உட்கார்ந்தால் முதுகு பூட்டிக்கொள்ளுமாம்,
நடந்தால் திறக்குமாம்.
அதற்கும் ஒரு பெயர் உண்டு.
எனக்குத் தமிழில் கிடைக்கவில்லை.

அப்புறம் மாசானமுத்து. கம்பி கட்டுகிறவர்.
முப்பத்து நாலு வயது.
இரண்டு கையிலும் அதே விரல்கள், அதே கணுக்கள்,
ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்து
வீங்கியதுபோல.

காலையில் விறைப்பு எத்தனை நிமிடம்?

"பஸ் நாலே முக்காலுக்கும்மா.
மூணரைக்கே எந்திரிச்சிருவேன்.
பாத்ரூம்ல சுடுதண்ணிக்குள்ள கைய விட்டுட்டு நிப்பேன்.
ரூம்ல மத்த ஏழு பேரும் தூங்குவாங்க.
குறடு பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்குறப்ப
ஹாரன் அடிச்சிருவான்."

எழுபத்தைந்து, என்றேன் ஆங்கிலத்தில்.
டாக்டரின் பேனா நின்றது.
அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம்.
ஒரு மணியைத் தாண்டினால்
சந்தேகம் வேறு பக்கம் திரும்பும்.
ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தார்கள்.
மறு வெள்ளி பெயர் வந்தது: முடக்குவாதம்.

உடம்பைக் காக்க நிற்கும் காவல்
சொந்த மூட்டையே அந்நியன் என்று அடிக்கிறது.
இதை எப்படிச் சொல்ல என்று திணறினேன்.
"இகாமா கையில இருந்தும்
செக்கிங்ல பிடிச்சுட்டுப் போற மாதிரியா?"
அதேதான், என்றேன்.

வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை.
சீக்கிரம் தொடங்கினால் விரல் கோணாமல் காக்கலாம்.
சொல்லி முடிக்குமுன் குனிந்தார்:
"சீட்டுல சுளுக்குன்னு எழுதச் சொல்லுங்கம்மா.
இந்தப் பேரு கம்பெனிக்குத் தெரிஞ்சா
அடுத்த ஃப்ளைட்ல ஏத்திருவாங்க."

என்ன சொல்கிறார், என்றார் டாக்டர்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக
எனக்குத் தமிழ் புரியவில்லை.

கீழே கல்மேல் பரோட்டா அடிக்கும் சத்தம்.
யாருடைய மணிக்கட்டோ.