அடைவுத் துண்டு

முதலில் தொலைந்தது ஒரு காப்பு.
களுவாஞ்சிகுடிக் கிளை, காலை பத்தரை,
உரைகல்லில் தேய்த்து இடக்கைக்கு மாற்றினேன்.
கை காலி.
மேசைக்கடியில் குனிந்து தேடினேன்.
காப்புக்காரியும் சேலையை ஒதுக்கிக்கொண்டு தேடினாள்.
அது என் விரல்களுக்குள்ளேயே இருந்தது.
விரல்கள் எனக்குச் சொல்லவில்லை.

சிரித்து முடித்தோம் அன்றைக்கு.

பிறகு பஸ்ஸிலிருந்து வீடுவரை
ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தேன்.
படலையடியில் மகன்தான் கண்டான்.
மாசியில் வலக்கண் ஒன்பது நாள் சாம்பலாய்க் கிடந்து
திரும்பி வந்தது,
கடன்காரன் தந்த காசுபோல
கொஞ்சம் குறைவாக.

காதில் ஓர் இரைச்சல் என்றேன்.
மட்டக்களப்பாளுக்கு இரைச்சல் என்றால்
கல்லடிப் பாலத்து மீனைத் தவிர
வேறொன்றும் சொல்லத் தெரியாது ஒருவருக்கும்.

இரத்தம் எடுத்தார்கள். பிறகும் எடுத்தார்கள்.
நரம்பில் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள்.
மாமி தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள்,
கட்டாடியார் நூல் கட்டினார்,
நூல் கட்டியது கண்ணால் பார்த்ததால் தெரிந்தது.

ஒரு டொக்டருக்குத் தமிழ் இல்லை.
விறைக்குது, எறும்பு ஊருது,
ராவில் எலும்புக்குள்ளே உளையுது,
ஈரத்துணி சுற்றினமாதிரி ஒரு பாரம் என்று
நான்கு வருடமாய்ச் சேர்த்த சொற்களை வைத்தேன்.
நேர்ஸ் அவரிடம் சொன்னது ஒரே சொல்:
ரிதெனவா.
நோகுதாம்.
நோகவில்லை மிஸ், என்றேன்.
அதை அவள் சொல்லவேயில்லை.

இன்னொருவர் தமிழர். கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டார்:
வீட்டில பிரச்சினையா? ஆரும் செத்தவங்களா?
அண்ணன், தொண்ணூறில். அம்மா, சுனாமியில்.
"அப்ப அதுதான்" என்று எழுதத் தொடங்கினார்.
அம்மா போனது
வலக்கைக்கும் தெரியுமே ஐயா,
அது ஏன் நன்றாய் இருக்கிறது?
கேட்கவில்லை. வெளியில் எழுபது பேர்.

ஸ்கேனுக்கு ஏழு மாதம் தள்ளித் திகதி.
தாலிக்கொடியை என் கிளையிலேயே வைத்தேன்.
நானே நிறுத்தால் சரியில்லை என்று றிஸ்மியா நிறுத்தாள்,
துண்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.
இரவு ரயிலில் கொழும்பு.
குழாய்க்குள் படுத்திருக்க
வெல்லாவெளி வயலில் வெட்டு மெஷின் இறங்கிய சத்தம்.
அசைய வேண்டாம் என்றார்கள்.
இடக்கால் அசைந்ததோ இல்லையோ, நான் எப்படிச் சொல்ல?

நோர்மல்.

எங்கள் கவுண்டரில் இதற்கு வேறு பெயர் உண்டு.
கல்லில் தேய்த்து, அசிட் ஒரு துளி விட்டு,
பொட்டலத்தை மெதுவாய்த் திருப்பித் தள்ளி
"கவரிங் அக்கா" என்போம்.
அவள் முகம் எப்படிப் போகும் என்று
பதினொரு வருடம் பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் மட்டக்களப்புக் கிளினிக்கில் ஒரு சின்னப்பிள்ளை,
மருதமுனையாளாம், முக்காட்டுக்கு மேல் கண்ணாடி.
இசைக்கவர் ஒன்றைத் தட்டி
என் கணுக்காலில் வைத்தாள்.
"நிண்டதும் சொல்லுங்க."
நிண்டுட்டு.
எடுத்தாள். தன் மணிக்கட்டு எலும்பில் வைத்தாள்.
வைத்தபடி இருந்தாள்.
நீண்ட நேரம்.
இன்னும் நிற்கவில்லை அது, அவளுக்கு.

"என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியா," என்றாள்,
"ஆனா இது இருக்கு."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெயரில்லை இன்னும்.
ஆறு மாதத்துக்கு ஒரு கிளினிக் துண்டு;
கொடிக்கு வட்டி மட்டும் கட்டித் தவணை நீட்டுகிறேன்.
இரண்டையும் ஒரே பையில் வைத்து, ஒருமுறை
செக்யூரிட்டியிடம் மாறி நீட்டினேன்.

நேற்று அந்தக் காப்புக்காரி மீட்க வந்தாள்.
என்ன கா, கண்டுபிடிச்சாச்சா, என்றாள்.
இன்னும் இல்ல.
காப்பை இடக்கையால் எடுத்தேன், வேண்டுமென்றுதான்.
விரல்கள் ஒவ்வொன்றாய் மூடுவதைக்
கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவளும் பார்த்தாள்.
அவசரப்படுத்தவில்லை.